மாற்றுத்திறனாளிகளில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள்? தொழிலாளர் கணக்கெடுப்பில் அளப்பதற்கு ஒரு வழிகாட்டி

மாற்றுத்திறனாளிகளில் எத்தனை சதவீதம் பேர் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்டால், முதலில் கைக்குக் கிடைப்பது பதிவேட்டுக் கணக்குதான். அடையாள அட்டை வாங்கியவர்கள் இத்தனை பேர், உதவித்தொகை பெறுபவர்கள் இத்தனை பேர், வேலை கேட்டுப் பதிந்தவர்கள் இத்தனை பேர். அந்தக் கணக்குகளில் தவறில்லை. ஆனால் அவை அலுவலகத்துக்கு வந்தவர்களை மட்டுமே காட்டும். சான்றிதழுக்கு அலைய முடியாமல் விட்டுவிட்டவர், காது மந்தமானதை வயதுக் கோளாறு என்று எடுத்துக்கொண்டவர், ஏதோ சம்பாதித்துக்கொண்டிருப்பதால் உதவித்தொகைக்கே விண்ணப்பிக்காதவர் யாரும் அதில் வரமாட்டார்கள்.

தொழிலாளர் கணக்கெடுப்பு இதற்கு நேர்மாறு. வீடுகளை மாதிரியாகத் தேர்ந்தெடுத்து, மாற்றுத்திறனாளி, மற்றவர் என்று பார்க்காமல் வீட்டில் உள்ள எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும். வேலை விவரம் ஏற்கெனவே அதில் விரிவாக இருக்கிறது. அதோடு சில கேள்விகளைச் சேர்த்துவிட்டால் இரு தரப்பையும் ஒரே அளவுகோலில் ஒப்பிடலாம். புள்ளியியல் துறையில் புதிதாகச் சேர்ந்து இந்தக் கேள்விகளைச் சேர்க்கும் பொறுப்பு தலையில் விழுந்தவருக்கும், வேறு யாரோ நடத்திய கணக்கெடுப்பின் தரவுக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று விழிக்கும் ஆய்வு மாணவருக்கும் இந்தக் கட்டுரை.

முதல் படி: இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்

எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. ஒருவருக்கு இயலாமை இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அவர் வேலையில் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி. ஒன்றின் பதிலுக்குள் மற்றொன்று கலந்துவிட்டால், கடைசியில் வரும் சதவீதத்துக்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

எப்படிக் கலக்கும் என்று பாருங்கள். பழைய கணக்கெடுப்புகள் பலவற்றில், "உடல்நலக் குறைவு காரணமாக உங்களால் செய்யக்கூடிய வேலைக்குக் கட்டுப்பாடு உண்டா?" என்ற ஒரே கேள்வியை வைத்து மாற்றுத்திறனாளிகளைப் பிரித்தார்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்குச் சாய்தளமும் மின்தூக்கியும் உள்ள அலுவலகத்தில் கணக்கர் வேலை. அவர் "இல்லையே, என் வேலையை நான் ஒழுங்காகத்தான் செய்கிறேன்" என்பார். இன்னொருவர், போன இடத்திலெல்லாம் படிக்கட்டைப் பார்த்துத் திரும்பி வந்து வேலை இல்லாமல் இருக்கிறார். அவர் "ஆமாம்" என்பார். முதலாமவர் பட்டியலிலிருந்து வெளியே, இரண்டாமவர் உள்ளே. இப்படி எடுத்த கணக்கில் மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்பு விகிதம் குறைவாக வராமல் வேறெப்படி வரும்? அலுவலகங்கள் சாய்தளம் கட்டக் கட்ட, மாற்றுத்திறனாளிகளின் எண்ணிக்கையே குறைந்துகொண்டு போகும். வேலையில் இருப்பவர்களின் விகிதம் உயரவே உயராது.

ஆகவே இயலாமையை வேலையோடு தொடர்புபடுத்தாமல், பார்ப்பது, கேட்பது, நடப்பது போன்ற அடிப்படைச் செயல்களை வைத்தே கேட்க வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2001-இல் வெளியிட்ட செயல்பாட்டு வகைப்பாடு இந்தப் பார்வையில் அமைந்ததுதான். நோயின் பெயர் அங்கே அளவுகோல் அல்ல. செயலில் ஏற்படும் சிரமமே அளவுகோல்.

இரண்டாம் படி: ஆறு கேள்விகள்

நீங்களாக உட்கார்ந்து புதிதாகக் கேள்வி எழுத வேண்டியதில்லை. எழுதவும் வேண்டாம் என்றே சொல்வேன். ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையத்தின் கீழ் 2001-இல் உருவான வாஷிங்டன் குழு, பல நாடுகளில் சோதித்துப் பார்த்த ஆறு கேள்விகளை வைத்திருக்கிறது. அவற்றின் சாரம்:

- கண்ணாடி அணிந்திருந்தாலும் பார்ப்பதில் சிரமம் உண்டா?
- காதுக் கருவி அணிந்திருந்தாலும் கேட்பதில் சிரமம் உண்டா?
- நடப்பதில் அல்லது படி ஏறுவதில் சிரமம் உண்டா?
- நினைவில் வைத்துக்கொள்வதில் அல்லது மனத்தை ஒருமுகப்படுத்துவதில் சிரமம் உண்டா?
- குளிப்பது, உடுத்துவது போன்ற சொந்தக் காரியங்களைச் செய்வதில் சிரமம் உண்டா?
- வழக்கமாகப் பேசும் மொழியில் பிறருக்குப் புரியவைப்பதில், அல்லது பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதில் சிரமம் உண்டா?

ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள்: சிரமம் இல்லை, கொஞ்சம் சிரமம், மிகவும் சிரமம், செய்யவே முடியாது. ஒருவருக்கு ஒன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகாது. கேள்வித்தாள் நீண்டுவிடும் என்று உங்கள் மேலதிகாரி முகம் சுளித்தால் இதைச் சொல்லுங்கள்.

கண்ணுக்கும் காதுக்கும் கருவியோடு சேர்த்துக் கேட்கிறோம், நடப்பதற்கு அப்படிக் கேட்பதில்லை. காரணம் எளிது. கண்ணாடி போட்டதும் பார்வைச் சிரமம் முழுதாகத் தீர்ந்துவிடுபவர்கள் ஏராளம். அவர்களையெல்லாம் எண்ணினால் கணக்கு ஊதிப்போகும். ஊன்றுகோல் வைத்திருப்பவருக்கு நடக்கும் சிரமம் அப்படித் தீர்ந்துவிடுவதில்லை.

இந்த ஆறில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. மனச்சோர்வு, பதற்றம் போன்ற மனநலச் சிரமங்கள் இவற்றில் நேராகப் பிடிபடாது. வேலைச் சந்தையில் இந்தப் பிரிவினர் படும் பாடு சிறியதல்ல. இடமும் காசும் இருந்தால் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட விரிவான தொகுப்பை எடுங்கள். அதில் பதற்றம், மனச்சோர்வு, கை வலு, விரல் பயன்பாடு எல்லாம் வரும். இடமில்லையென்றால் ஆறோடு நிறுத்திக்கொண்டு, மனநலச் சிரமங்கள் முழுமையாகச் சேரவில்லை என்று அறிக்கையில் எழுதிவிடுங்கள். சொந்தமாக ஒரு மனநலக் கேள்வியைச் செருகுவது மட்டும் வேண்டாம். அது எதை அளக்கிறது என்று உங்களுக்கே தெரியாது, பிற நாட்டு எண்களோடும் ஒப்பிட முடியாது.

முடிந்தால் ஏழாவதாக ஒன்றைச் சேர்க்கலாம்: அந்தச் சிரமம் எந்த வயதில் தொடங்கியது? பிறவியிலேயே காது கேளாதவர் பள்ளிப் படிப்பிலேயே தடைகளைச் சந்தித்திருப்பார். ஐம்பது வயதில் விபத்தில் காலை இழந்தவருக்குப் படிப்பும் அனுபவமும் இருக்கும்; பழைய வேலையைத் தக்கவைப்பதுதான் அவர் பிரச்சினை. இருவரும் ஒரே சதவீதத்துக்குள் கலந்து கிடந்தால் கொள்கை வகுப்பவருக்கு எதுவும் புரியாது.

மூன்றாம் படி: கோடு எங்கே?

நான்கு வகைப் பதில்கள் வந்துவிட்டன. யாரை மாற்றுத்திறனாளி என்று எண்ணுவது? வாஷிங்டன் குழுவின் பரிந்துரை இது: ஆறில் ஏதாவது ஒன்றிலாவது "மிகவும் சிரமம்" அல்லது "செய்யவே முடியாது" என்று சொன்னவர் மாற்றுத்திறனாளி.

கோட்டை நகர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கு சாம்பியாவின் அனுபவம் நல்ல பாடம். 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இயலாமை உள்ளவர்கள் 2.7 சதவீதம் என்று வந்தது. 2006-இல் ஆறு கேள்விகளை வைத்து எடுத்த கணக்கெடுப்பில் "கொஞ்சம் சிரமம்" என்பதில் தொடங்கினால் 14.5 சதவீதம், "மிகவும் சிரமம்" என்பதில் தொடங்கினால் 8.5, "செய்யவே முடியாது" மட்டும் என்றால் 2.4. அதே மக்கள், அதே பதில்கள், கோடு மட்டும் வேறு. உலகச் சுகாதார நிறுவனம் உலக மக்கள்தொகையில் சுமார் 16 சதவீதம் என்று சொல்லும்போது அது இன்னும் அகலமான ஓர் அளவுகோலில் எடுத்த கணிப்பு. உங்கள் கணக்கெடுப்பில் 8 சதவீதம் வந்தால், அதற்குப் பக்கத்தில் அந்த 16-ஐ வைத்துவிட்டு, பாதிப் பேரைத் தவற விட்டுவிட்டோமே என்று பதற வேண்டாம்.

வேலைவாய்ப்பு விகிதமும் கோட்டோடு சேர்ந்தே நகரும். கோட்டைத் தாழ்த்தி "கொஞ்சம் சிரமம்" உள்ளவர்களையும் சேர்த்தால், வேலையில் இருப்பவர்கள் நிறைய உள்ளே வந்து விகிதம் உயரும். கடைசி வகைக்குச் சுருக்கினால் விகிதம் விழும். அரசியல்வாதிக்கு வேண்டிய எண்ணை எடுத்துக் கொடுக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது. பரிந்துரைத்த கோட்டையே முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். "கொஞ்சம் சிரமம்" உள்ளவர்களை அட்டவணையில் தனி வரிசையாகக் காட்டுங்கள்.

தரவுக் கோப்பில் இதைச் செய்யும்போது ஒரு சின்னப் பொறி உண்டு. பதில்களுக்கு 1 முதல் 4 வரை எண் கொடுத்திருப்பார்கள். பதில் சொல்ல மறுத்தவருக்கு 7, தெரியாது என்றவருக்கு 9. ஆறு பதில்களில் மிகப் பெரிய எண் 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் மாற்றுத்திறனாளி என்று அவசரத்தில் ஒரு கட்டளை எழுதினால், "தெரியாது" என்று சொன்ன எல்லோரும் மாற்றுத்திறனாளி ஆகிவிடுவார்கள். 7, 9 இரண்டையும் முதலில் வெற்றிடமாக மாற்றுங்கள். அப்புறம் கணக்கிடுங்கள். நான்கு வகைப் பதில்களையும் அப்படியே கோப்பில் விட்டுவையுங்கள். ஆம், இல்லை என்று சுருக்கிவிட்டு மூலத்தை அழித்துவிட்டால் நாளைக்கு வேறு கோட்டில் பார்க்க வழியில்லை.

நான்காம் படி: வீட்டு வாசலில்

கேள்விகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அவை கெட்டுப்போகும் இடம் வீட்டு வாசல்தான். இப்படி ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். கணக்கெடுப்பாளர் உள்ளே வருகிறார். மகன் உட்கார்ந்து எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்கிறார்.

"உங்க அம்மாவுக்குப் பார்க்கிறதுல ஏதாவது சிரமம் இருக்கா, கண்ணாடி போட்டிருந்தாலும்?"

"அவங்களுக்கு என்ன சார், ஒண்ணுமில்ல. வயசாயிடுச்சு, அவ்வளவுதான்."

"போன வாரம் ஏதாவது வேலை செஞ்சாங்களா?"

"வீட்லதான் சார் இருக்காங்க."

சிரமம் இல்லை, வேலையும் இல்லை. இரண்டு கட்டத்தில் குறி விழுந்தாயிற்று. இதற்குள் அம்மாவே வந்து உட்காருகிறார். கணக்கெடுப்பாளர் மறுபடி கேட்கிறார். "ஊசியில நூல் கோக்கப் பேத்தியைத்தான் கூப்பிடணும் தம்பி. ஆளு அடையாளமே கிட்ட வந்தாதான் தெரியுது. முன்னாடி மாதிரி தைக்க முடியல. இப்ப தையல்காரர் கொடுக்கிற சட்டைக்குப் பட்டன் மட்டும் வச்சுத் தர்றேன், ஏதோ காசு கொடுப்பாரு." மிகவும் சிரமம்; கூலிக்கு வேலை. மகன் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பதில்களுமே தலைகீழாகிவிட்டன. இப்படிப்பட்ட பதில்களை வைத்துத்தான் நாம் விகிதம் போடுகிறோம்.

எனவே கூடுமானவரை அவரவரிடமே கேட்க வேண்டும். முடியாதபோது யார் பதில் சொன்னார் என்று ஒரு கட்டத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் அலசும்போது, அவரே சொன்ன பதில்களையும் பிறர் சொன்ன பதில்களையும் பிரித்துப் பார்க்க அது உதவும். காது கேளாதவர், பேசச் சிரமப்படுபவர் வீட்டில் இருந்தால் குடும்பத்தார் உடனே முந்திக்கொள்வார்கள். சைகை மொழி தெரிந்தவரோடு இன்னொரு நாள் போக முடிந்தால் போகலாம். எழுதிக் காட்டியும் கேட்கலாம். தொலைபேசி வழியே நடக்கும் கணக்கெடுப்புகளில் இந்தப் பிரச்சினை இன்னும் மோசம்.

பயிற்சியின்போது கணக்கெடுப்பாளர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியவை சில உண்டு. இந்தப் பகுதிக்கு "ஊனம்", "மாற்றுத்திறனாளி" என்ற சொற்களைச் சொல்லி முன்னுரை கொடுக்கக் கூடாது. சொன்ன மாத்திரத்தில் "எங்க வீட்ல அப்படி யாரும் இல்லை" என்று கதவைச் சாத்திவிடுவார்கள். "மாற்றுத்திறனாளி யாராவது உண்டா?" என்று முதலில் கேட்டுவிட்டு, உண்டு என்றவர்களிடம் மட்டும் ஆறு கேள்விகளைக் கேட்பதும் அதே தவறுதான். நான்கு பதில்களையும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஆம், இல்லை என்று வாங்கிக்கொண்டு தாங்களே நிரப்பக் கூடாது. ஆள் நன்றாக நடந்து வந்து கதவைத் திறந்தார் என்பதால் நடக்கும் கேள்வியைத் தாண்டிவிடக் கூடாது. கண்ணால் பார்த்துக் குறிப்பதை நிறுத்தவைப்பதுதான் பயிற்சியிலேயே கடினமான வேலை.

கேள்வித்தாளில் இந்த ஆறையும் வயது, பாலினம், படிப்பு கேட்கும் முதல் பகுதியை ஒட்டி வையுங்கள். வேலைக் கேள்விகளுக்குப் பிறகு வைத்தால், "உடம்பு முடியலைன்னுதானே வேலைக்குப் போகலைன்னு சொன்னேன்" என்று முன்னே சொன்னதற்கேற்பப் பதில் வளையும். கடைசியில் வைத்தால் களைப்பில் எல்லாம் "இல்லை" ஆகிவிடும்.

ஐந்தாம் படி: வேலைப் பகுதியில் தாவும் வழிகள்

வேலை என்றால் என்ன என்பதில் சர்வதேச அளவில் தெளிவான வரையறை இருக்கிறது. கூலிக்கோ லாபத்துக்கோ கடந்த வாரத்தில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தவர் வேலையில் இருப்பவர். விடுப்பிலோ நோயிலோ தற்காலிகமாகப் போகாதவரும் அதில் சேர்வார். 2013-இல் நடந்த பத்தொன்பதாவது சர்வதேசத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு இதை மேலும் இறுக்கி, சொந்த வீட்டுத் தேவைக்கு மட்டுமோ பெரும்பாலுமோ விளைவிப்பதை வேலைவாய்ப்பிலிருந்து பிரித்துத் தனி வகையாக வைத்தது. இந்த மாற்றத்துக்கு முன்பும் பின்பும் எடுத்த எண்களை ஒரே கோட்டில் வரையாதீர்கள்.

வேலை தேடுவோர் என்பதற்கு மூன்று நிபந்தனைகள்: வேலை இல்லை, அண்மையில் தேடினார், கிடைத்தால் உடனே சேரத் தயார். மூன்றும் சேர்ந்தால்தான் வேலையின்மைக் கணக்கில் வருவார்.

இப்போது உங்கள் கேள்வித்தாளை எடுத்து, "ஏன் வேலை தேடவில்லை?" என்ற கேள்விக்குப் போங்கள். "நோய் அல்லது ஊனம்" என்று ஒரு பதில் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் அடுத்து எந்தக் கேள்விக்குத் தாவச் சொல்லியிருக்கிறது என்று பாருங்கள். "நேர்காணல் முடிந்தது" என்று இருந்தால் மாட்டிக்கொண்டீர்கள். வேலை செய்ய விருப்பமா, வாய்ப்பு வந்தால் சேர முடியுமா என்ற கேள்விகள் மாற்றுத்திறனாளிகளிடம் கேட்கப்படாமலேயே போய்விடும். ஆள் இல்லாத கட்டமாக அது பூஜ்யம் காட்டும். "அவர்களுக்கு வேலையில் விருப்பமே இல்லை" என்று யாராவது அறிக்கையும் எழுதிவிடுவார்கள். தாவும் அம்பை அழியுங்கள். எல்லோரிடமும் விருப்பத்தையும் தயார்நிலையையும் கேளுங்கள்.

அது ஏன் இவ்வளவு முக்கியம்? தேடித் தேடி அலுத்து, இனி யார் எடுக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டவர்கள் மாற்றுத்திறனாளிகளில் அதிகம். தேடாததால் அவர்கள் வேலையின்மை விகிதத்தில் வரமாட்டார்கள். விருப்பமும் தயார்நிலையும் உள்ள இவர்களைச் சாத்தியத் தொழிலாளர் என்று தனியே எண்ண 2013 வரையறையிலேயே இடம் இருக்கிறது.

ஆறாம் படி: மாதிரி போதுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் கணக்கெடுப்பில் 10,000 பெரியவர்கள். 8 சதவீதம் மாற்றுத்திறனாளிகள் என்றால் 800 பேர். அவர்களில் 30 சதவீதம், அதாவது 240 பேர் வேலையில் இருக்கிறார்கள். எல்லோரையும் கேட்காமல் மாதிரியை மட்டும் கேட்பதால் வரும் மாதிரிப் பிழை, இந்த 30 சதவீதத்துக்கு இரு பக்கமும் சுமார் 3 புள்ளி. வீடுகளைத் தெருத் தெருவாகக் கொத்தாகத் தேர்ந்தெடுப்பதால் அது இன்னும் கூடி 4 வரை போகும். அடுத்த ஆண்டு 33 என்று வந்தால் "உயர்ந்தது" என்று தலைப்புப் போட முடியாது.

இதையே 30 வயதுக்குட்பட்ட பெண் மாற்றுத்திறனாளிகள் என்று பிரித்தால் கையில் மிஞ்சுவது ஓர் அறுபது பேர் என்று வையுங்கள். பிழை 12 புள்ளியைத் தொடும். அந்த எண்ணை வெளியிடாமல் இருப்பதே மரியாதை.

வழி என்ன? நான்கு காலாண்டுகளைச் சேர்த்து ஆண்டுக் கணக்காகக் கொடுக்கலாம். ஆனால் அதே வீடுகளுக்கு மறுபடி மறுபடி போகும் முறையாக இருந்தால் மாதிரி நான்கு மடங்கு ஆகிவிடாது. புதிய ஆட்களுக்கு மட்டுமே முழுப் பலன். இன்னொரு வழி, முதல் சுற்றில் நிறைய வீடுகளில் ஆறு கேள்விகளை மட்டும் கேட்டுவிட்டு, சிரமம் உள்ளவர்கள் இருக்கும் எல்லா வீடுகளுக்கும், மற்ற வீடுகளில் ஒரு பகுதிக்கும் முழுக் கேள்வித்தாளோடு போவது. அப்படிச் செய்தால் எடை போடுவதில், அதாவது மாதிரியில் உள்ள ஒவ்வொருவரும் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குச் சமம் என்று கணக்கிடுவதில், கூடுதல் கவனம் வேண்டும்.

விடுதிகள், காப்பகங்கள், நீண்டகால மருத்துவமனைகளில் இருப்பவர்கள் பொதுவாக வீட்டுக் கணக்கெடுப்பில் வருவதில்லை. அவர்களில் மாற்றுத்திறனாளிகள் அதிகம். உங்கள் எண் வீடுகளில் வாழ்பவர்களைப் பற்றியது மட்டுமே என்று குறிப்பிட்டுவிட்டு நகருங்கள்.

ஏழாம் படி: எந்த விகிதம், எந்த வயது?

ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளில் 8.5.2 என்ற குறியீடு மாற்றுத்திறனாளிகளின் வேலையின்மை விகிதத்தைக் கேட்கிறது. 8.5.1 மணிக்கூலியைக் கேட்கிறது. கேட்பதைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் வேலையின்மை விகிதத்தை மட்டும் முன்னே நிறுத்தாதீர்கள் என்பது என் கருத்து. அமெரிக்காவில் 2008 முதல் மாதாந்தரத் தொழிலாளர் கணக்கெடுப்பிலேயே இயலாமைக் கேள்விகள் இருக்கின்றன. 2023-இல் அங்கே மாற்றுத்திறனாளிகளின் வேலையின்மை விகிதம் 7.2 சதவீதம், மற்றவர்களுக்கு 3.5. ஏறத்தாழ இரு மடங்கு. வேலையில் இருப்போர் விகிதத்தைப் பாருங்கள்: மாற்றுத்திறனாளிகளில் 22.5, மற்றவர்களில் 65.8. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஒரே கணக்கெடுப்பு, ஒரே ஆண்டு. எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துச் செய்தியே மாறுகிறது. வேலை தேடாமல் வெளியே நிற்பவர்கள் முதல் விகிதத்தில் காணாமல் போகிறார்கள். எனவே முதலில் வேலைவாய்ப்பு விகிதம், பிறகு தொழிலாளர் படைப் பங்கேற்பு (வேலையில் இருப்பவர்களும் தேடுபவர்களும் சேர்ந்த விகிதம்), அதன் பிறகே வேலையின்மை.

சரி, அந்த 22.5-ஐ அப்படியே நம்பலாமா? அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இயலாமை வயதோடு கூடும். அமெரிக்கக் கணக்கில் மாற்றுத்திறனாளிகளில் சுமார் பாதிப் பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். மாற்றுத்திறனாளியாக இல்லாவிட்டாலும் அவர்களில் பலர் ஓய்வில்தான் இருப்பார்கள். வயதைச் சரிசெய்யாமல் ஒப்பிட்டால் வயதின் விளைவையும் இயலாமையின் கணக்கில் எழுதிவிடுவோம்.

சரிசெய்வது கடினமல்ல. ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. 1,000 மாற்றுத்திறனாளிகள்: 55 வயதுக்குக் கீழே 300 பேர், அவர்களில் 50 சதவீதம் வேலையில், 55-க்கு மேலே 700 பேர், 10 சதவீதம் வேலையில். ஆக 150-உம் 70-உம் சேர்ந்து 220 பேர், அதாவது 22 சதவீதம். மற்றவர்கள் 9,000 பேர்: 55-க்குக் கீழே 70 சதவீதத்தினர், அவர்களில் 75 சதவீதம் வேலையில், மேலே 30 சதவீதத்தினர், அவர்களில் 35 சதவீதம் வேலையில். மொத்தத்தில் 63 சதவீதம். இடைவெளி 41 புள்ளி. இப்போது மாற்றுத்திறனாளிகளின் வயதுப் பங்கும் மற்றவர்களைப் போலவே 70-க்கு 30 என்று இருந்தால்? 0.7 பெருக்கல் 50, கூட்டல் 0.3 பெருக்கல் 10, விடை 38 சதவீதம். இடைவெளி 25 புள்ளி. மீதி 16 புள்ளி வயதால் வந்தது. இரண்டு எண்களையும் வெளியிடுங்கள். சரிசெய்த எண்ணை மட்டும் கொடுத்தால் வயதான மாற்றுத்திறனாளிகள் மறைந்துபோவார்கள்.

இதையெல்லாம் எடைகளோடுதான் கணக்கிட வேண்டும். ஆர், ஸ்டேட்டா, எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள்கள் மூன்றிலும் கணக்கெடுப்பு வடிவமைப்பைச் சொல்லிக்கொடுக்கும் கட்டளைகள் உண்டு. எடை, கொத்து, அடுக்கு (மாதிரி எடுக்குமுன் மக்களைப் பிரித்த பிரிவுகள்) மூன்றையும் கொடுக்காமல் வரும் பிழை அளவு பெரும்பாலும் உண்மையைவிடச் சிறியதாகத் தெரியும்.

எட்டாம் படி: ஏற்ற இறக்கத்தைப் படிப்பது

விகிதம் உயர்ந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கு உண்மையிலேயே அதிக வேலை கிடைத்திருக்கலாம். அல்லது ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் இப்போது சிரமம் இருப்பதாகச் சொல்லத் தொடங்கியிருக்கலாம். பிரிட்டனில் 2013-க்குப் பிறகு மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்பு விகிதம் உயர்ந்தது. அதே காலத்தில் தங்களுக்கு நீண்டகாலச் சிக்கல் இருப்பதாகச் சொன்னவர்களின் எண்ணிக்கையும் நன்றாகக் கூடியது. உயர்வில் ஒரு பங்கு அதனால் வந்ததே. எனவே விகிதத்துக்குப் பக்கத்தில் மாற்றுத்திறனாளிகளின் மொத்த எண்ணிக்கையை எப்போதும் போடுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் ஏறினால் கொண்டாடுவதற்கு முன் யோசியுங்கள்.

நாடுகளை ஒப்பிடும்போது இன்னும் எச்சரிக்கை வேண்டும். பிரிட்டனின் வரையறை பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ நீடிக்கும் உடல்நலச் சிக்கலையும் அது அன்றாடச் செயல்களைக் குறைப்பதையும் சேர்த்துக் கேட்கிறது. அமெரிக்கக் கேள்விகள் ஆம், இல்லை வகை. வாஷிங்டன் குழுவின் கேள்விகள் நான்கு படிநிலை. மூன்றிலிருந்தும் வரும் சதவீதங்களை ஒரே பட்டை வரைபடத்தில் போடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஒன்பதாம் படி: ஏன் என்று கேட்பது

விகிதத்தோடு நின்றுவிட்டால் எங்கே தடை என்று தெரியாது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் வாஷிங்டன் குழுவும் சேர்ந்து தொழிலாளர் கணக்கெடுப்போடு இணைக்கக்கூடிய ஒரு தனிப் பகுதியைத் தயாரித்திருக்கின்றன. போக்குவரத்து, பணியிட வசதி, முதலாளிகளின் மனப்போக்கு, சமூகப் பாதுகாப்பு போன்றவற்றைப் பற்றிய கேள்விகள் அதில் உண்டு. ஒவ்வொரு காலாண்டும் தேவையில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சேர்த்தால் போதும். ஆறு அடிப்படைக் கேள்விகளை மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் விடாதீர்கள்.

வேலையில் இருப்பவர்களிடமும் கேட்க நிறைய இருக்கிறது. எத்தனை மணி நேரம், என்ன கூலி, சொந்தத் தொழிலா, எழுத்துமூல ஒப்பந்தம் உண்டா. வாரம் இரண்டு மணி நேரம் பட்டன் தைப்பவரும் முழுநேர ஊழியரும் ஒரே "வேலையில் இருப்பவர்" கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். மணி நேரத்தையும் கூலியையும் கேட்டால்தான் அந்தக் கட்டம் பிரியும்.

கடைசியாக, வெளியிடுவது

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டு 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 27-ஆம் பிரிவு வேலை உரிமையைப் பற்றியது. 31-ஆம் பிரிவு, அரசுகள் இப்படிப்பட்ட தரவுகளைத் திரட்ட வேண்டும், அவை மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. இரண்டாம் பாதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அட்டவணையை ஸ்கேன் செய்த படமாக பிடிஎஃப்-இல் ஒட்டினால் பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதை ஒரு வெற்றுப் படமாகவே எடுத்துக்கொள்ளும். எக்செல் கோப்பாகக் கொடுங்கள். கட்டங்களை இணைக்காமல், ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரே தலைப்போடு. வரைபடம் போட்டால் அதில் உள்ள எண்களைக் கீழே வாக்கியமாக எழுதுங்கள். கேள்விகளின் சரியான வாசகம், எடுத்துக்கொண்ட கோடு, பிறர் சொன்ன பதில்களின் சதவீதம், மாதிரிப் பிழை ஆகிய நான்கும் அட்டவணைக்குக் கீழேயே இருக்கட்டும். தனி இணைப்பில் போட்டால் யாரும் திறப்பதில்லை.